காதுக்குப் பின்னால் ஒரு கறுத்தப் பொட்டு

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன். நாலு நான் பெற்றது, ஒன்று என் தங்கச்சி பெற்றுவிட்டுக் கண்ணை மூடிய பிள்ளை. ஐந்தில் ஒன்றையும் கன்னத்தில் கறுத்தப் பொட்டு இல்லாமல் நான் படலை தாண்ட விட்டதில்லை. ஐந்தும் இன்றைக்கு நல்ல சுகமாக இருக்கின்றன. ஒருத்தி மட்டும் கொழுப்புக் கூடி டொக்டரிடம் போய்வருகிறாள். அது பொட்டின் பிழை இல்லை, அவளுடைய வாயின் பிழை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் எதையும் காரணத்தோடு செய்கிறவள் என்பது தெரிந்தபிறகு மிச்சத்தைக் கேட்டால் நல்லது. எங்கள் சனத்துக்குள் என்னைப் பற்றி ஒரு கதை உலாவுகிறது. லண்டனில் பெரிய ஏலக் கம்பனி ஒன்றில் கிளீனிங் வேலை செய்தபோது, ஊத்தைத் துணியால் துடைத்து, விலையுயர்ந்த சிலை ஒன்றைப் பழுதாக்கிவிட்டேனாம். கோயிலில் அன்னதான வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்ற ஒருத்தி மற்றவளுக்கு இதைச் சொன்னாள். பின்னால் நிற்பது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பாள்.

துணி ஊத்தை இல்லை. சிலை பழுதாகவும் இல்லை. நடந்தது வேறு. அதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என் பெயரை எழுதுவேன், கடைப் பலகை வாசிப்பேன், அவ்வளவுதான். இவள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நான் 'எண்டு' என்றால் இவள் 'என்று' என்று எழுதுகிறாள். எழுதட்டும். வெளியே போகிற எழுத்துக்கும் ஒரு நல்ல உடுப்பு வேண்டும்தானே.

அப்போது நான் கோலியர்ஸ் வுட்டில் மகள் வீட்டில் இருந்தேன். இப்போதும் அங்கேதான். எங்களை வேலைக்கு வைத்திருந்தவன் ஜேர்மனியில் கனகாலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்த ஒரு தம்பி. நகரத்துக்குள் சில கட்டடங்களைத் துப்புரவாக்கும் கொன்ராக்ட் அவனிடம் இருந்தது. நல்லவன். ஆனால் எதற்கெடுத்தாலும் "ஜேர்மனியில எண்டால்" என்று தொடங்குவான். ஜேர்மனியில் எல்லாம் அவ்வளவு திறம் என்றால் ஏன் இங்கே வந்தாய் என்று ஒருநாள் கேட்டேன். "அங்க உங்களைப் போல வாய்க்காரர் இல்லை அன்ரி, பொழுது போகேல்லை" என்றான்.

அவன் என்னை அந்த ஏலக் கம்பனிக்கு அனுப்பியதே என் துணிகளைப் பார்த்துத்தான். மற்றவர்கள் கம்பனித் துணியை வாளிக்குள் அமுக்கிவிட்டுப் போவார்கள். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, சுடுதண்ணீரில் ஊறவைத்து, சவர்க்காரம் போட்டுக் கசக்கி, பின்வளவுக் கொடியில் காயப்போட்டு, மடித்துக் கொண்டுபோவேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனுஷி வேலிக்கு மேலால் பார்த்து, எங்கள் வீட்டில் அடிக்கடி விருந்து நடக்கிறது போலிருக்கிறது, இவ்வளவு மேசைத்துணி காய்கிறதே என்று மகளிடம் கேட்டாளாம். என் துணி அப்படி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏலம் என்றால் எனக்குத் தெரிந்தது கோயிலில் மாம்பழம் ஏலம் விடுவதுதான். சத்தமும் சிரிப்பும் போட்டியுமாக இருக்கும். இங்கே அப்படி இல்லை. செத்துப்போன பணக்காரரின் கதிரை, மணிக்கூடு, படம் எல்லாம் லொறியில் வந்து இறங்கும். சில நாள் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும். பிறகு ஒருநாள் ஒருவர் பலகைக்குப் பின்னால் நின்று விலை சொல்ல, மற்றவர்கள் தேத்தண்ணி கேட்பதுபோல விரலைத் தூக்குவார்கள். முடிந்தது. அடுத்த கிழமை வேறு கதிரை வரும்.

விற்கிறதற்கு முன்னால் அந்தச் சில நாளும் ஆரும் உள்ளே வந்து பார்க்கலாம். டிக்கெட் இல்லை, ஏன் வந்தாய் என்று கேட்பதும் இல்லை. எனக்கு அந்த இடத்தில் பிடித்தது அது ஒன்றுதான். ஆனாலும் எங்கள் ஆட்கள் ஒருத்தரும் முன் வாசலால் வந்து நான் கண்டதில்லை.

அந்த மிருகம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. மரப்பெட்டியைத் திறந்தது ஜமேக்காவிலிருந்து வந்த ஒரு பெரியவர். சாமான் தூக்குவது, ஏற்றி இறக்குவது அவருடைய வேலை. வெள்ளைக் கையுறை போட்டிருப்பார். எனக்கு அவருடைய ஆங்கிலம் மற்றவர்களுடையதைவிட நன்றாக விளங்கும், ஏனென்றால் அவர் அவசரப்படமாட்டார். நான் படிக்கட்டுக் கைபிடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். வைக்கோல் மாதிரி அடைத்திருந்த கடதாசிகளை அவர் ஒவ்வொன்றாக எடுக்க, உள்ளே ஒரு காது தெரிந்தது. பிறகு முகம்.

மான் என்று சொல்லலாம், ஆனால் மான் இல்லை. ஒரு கன்றுக்குட்டி அளவு. கால்களை மடக்கிப் படுத்திருந்தது. அரிசி களைந்த தண்ணீர் நிறம். காது முயலின் காது மாதிரி நீளம். முதுகெலும்பு இருக்கவேண்டிய இடத்தில் சின்னச் சின்ன மலைகள் வரிசையாக எழும்பியிருந்தன. இரண்டு மலைக்கு நடுவில் ஒரு குளம், குளத்தில் என் பெருவிரல் அளவில் ஒரு வள்ளம், வள்ளத்தில் ஆள் இல்லை. கண் பாதி மூடியிருந்தது. பால் குடித்துவிட்டு நித்திரைக்கும் முழிப்புக்கும் நடுவில் கிடக்கிற பிள்ளையின் கண். அந்தக் கண்ணை நான் ஐந்து முகத்தில் பார்த்தவள். பிழைவிட மாட்டேன்.

"இதை ஆர் செய்தது?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

"சீனாவில் ஒருவர். இன்னும் இருக்கிறார். செத்தவரின் சாமான் இல்லை" என்றார் பெரியவர். "கனவில் கண்டாராம். கண்டபடி செய்தாராம்."

வெண்கலத்தில் வார்த்து மேலே வெள்ளை பூசியதாம். எனக்கு அது வெண்கலமாகத் தெரியவில்லை. மூச்சு விடுகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். பெரியவரும் பார்த்தார்.

அடுத்த நாள் கதவு திறந்தது. மற்ற ஏலங்களுக்கு வருகிற சனம் இல்லை இது. பேப்பரில் படம் வந்ததாம். சீனத்துச் சாமானுக்கு அந்த நாட்களில் பெரிய மவுசு. நான் மத்தியானம் வரைக்கும் மேல் மாடியில் வாஷ்ரூமும் நடைபாதையும் பார்ப்பேன். அதனால் எல்லாம் கண்ணில் பட்டது. வந்தவர்கள் எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள். "பியூட்டிபுல்" என்றார்கள். "லவ்லி" என்றார்கள். நெஞ்சில் கைவைத்துப் பார்த்தார்கள். ஒரு மனுஷன் கண் வெட்டாமல் நின்றான். நான் வாஷ்ரூமைக் கழுவி முடித்து வந்தும் அதே இடத்தில் நின்றான்.

எங்களுக்குள் ஒரு பிள்ளையை வடிவு என்று சொன்னால், சொன்ன வாயாலேயே 'தூ தூ' என்று துப்புகிற மாதிரிச் செய்துவிடுவோம். சொன்ன சொல்லின் கூர்மையை மழுங்கடிக்க. இவர்கள் வடிவு வடிவு என்று சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். நாள் முழுக்க. ஒருவரும் துப்பவில்லை. அதுவோ கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கிடந்தது.

வியாழன் மத்தியானம் அதன் தலைக்கு மேலே எரிந்த லைட் 'டப்' என்று வெடித்தது. ஒரு கண்ணாடித் துண்டு வள்ளத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. எல்லாரும் ஓடிவந்தார்கள், ஏணி வைத்தார்கள், புது லைட் போட்டார்கள். லைட் பழசு என்றார்கள். நான் தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லைட் பழசு இல்லை. இரண்டு கிழமைக்கு முதல்தான் மாற்றினார்கள். ஏணிக்குக் கீழே கூட்டினது நான்.

அன்று ரயிலில் வீட்டுக்கு வரும்போது எனக்கு அதே யோசனை. செய்த மனுஷன் சீனாவில். கொண்டுவந்தவர்கள் பெட்டியைத் திறந்துவிட்டுப் போய்விட்டார்கள். விற்கிறவர்களுக்கு விற்கிற அவசரம். வாங்கப்போகிறவன் ஆரென்று தெரியாது. அப்படியென்றால் இந்த ஏலம் முடியும்வரை அதற்குப் பக்கத்தில் இருக்கிறது ஆர்?

வெள்ளி காலை, கதவு திறக்க முன்னம், நான் மேலே போனேன். என் கைப்பையில் பேத்தியின் நடன மேக்கப் சாமான் கிடந்தது. முதல்நாள் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தது. அதில் கண் தீட்டுகிற மை பென்சில் ஒன்று. பெண் பிள்ளைக்கு இடப்பக்கம், ஆண் பிள்ளைக்கு வலப்பக்கம் என்று எங்கள் அம்மா வைப்பா. இது எது என்று தெரியவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து கீழே பார்த்தேன். சீனாக்காரர் அந்த இடத்தில் ஒன்றும் செய்து வைக்கவில்லை, மடித்த கால்தான். சரி, பெண் என்று வைப்போம் என்று முடிவெடுத்தேன். கன்னத்தில் வைத்தால் பார்க்கிறவர்களுக்கு இடைஞ்சல். இடது காதுக்குப் பின்னால் வைத்தேன். ஒரு மிளகு அளவு. தொடக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் தொடவில்லை. பென்சில்தான் தொட்டது.

முழுசாக வடிவாக இருக்கிற ஒன்றுக்கு ஒரு குறை வைத்துவிட்டால் கெட்ட பார்வை அந்தக் குறையில் போய் முட்டும். அவ்வளவுதான் விஷயம். இதைச் செய்தபிறகு எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

மத்தியானம் கண்டுபிடித்துவிட்டார்கள். வாங்க யோசித்த ஒருவர் சின்ன டோர்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தாராம். நான் அதற்குள் வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டு இருந்தேன். தம்பி போன் எடுத்தான்.

"அன்ரி, அந்தச் சீனாச் சிலையில கறுப்பா ஏதோ பட்டிருக்காம். உங்கட துணியில ஏதும் மை கிய் இருந்ததோ?"

"துணியில ஒண்டுமில்லை. நான்தான் வச்சனான்."

"என்னத்தை வச்சனீங்கள்?"

"பொட்டு."

போன் வெட்டுப்பட்டுப் போச்சோ என்று நினைத்தேன்.

"அன்ரி," என்றான் பிறகு, மிகவும் மெதுவாக, "இதை நீங்கள் எனக்குச் சொல்லேல்லை. நான் கேக்கவும் இல்லை. துணி ஊத்தையா இருந்தது, தெரியாமல் பட்டிட்டுது. திங்கக்கிழமை வந்து ஒரு சொரி சொல்லுங்கோ. நான் அவைக்கு ஏற்கனவே அப்பிடித்தான் சொல்லிப்போட்டன்."

"என்னத்தைச் சொன்னனீ?"

"துணி ஊத்தை எண்டு."

"என்ர துணியையோ?"

"ஐயோ அன்ரி, துணிதானே! தற்செயலா நடந்தது எண்டா மன்னிப்பினம். வேணுமெண்டு கீறினது எண்டா பொலிஸைக் கூப்பிடுவினம். ஜேர்மனியில எண்டால் இந்நேரம் வந்திருப்பான். உங்களோட இன்னும் நாலு பொம்பிளையள் அங்க வேலை செய்யினம். கொன்ராக்ட் போனால் அவைக்கும் இல்லை."

இந்தக் கடைசிக் கதை என்னைக் குத்தியது. நான் போனை வைத்தேன்.

சனி, ஞாயிறு முழுக்க மகள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "சொரி சொன்னா வாய் தேஞ்சிடுமே அம்மா? இந்த நாட்டில கதவு இடிச்சாலே கதவுக்குச் சொரி சொல்லுற சனம். அதில ஒரு அர்த்தமும் இல்லை."

"அர்த்தமில்லாட்டி ஏன் கேக்கினம்?" என்றேன்.

"உங்களோட கதைக்க ஏலாது."

"சொரி சொல்லுறது இல்லைப் பிள்ளை கஷ்டம். ஊத்தை எண்டு சொல்லுறதுதான் கஷ்டம். நான் ஊத்தையைத் துடைக்கிறவள். ஊத்தையைக் கொண்டுபோறவள் இல்லை."

திங்கள் காலை தம்பி என்னை வானில் ஏற்றிக்கொண்டு போனான். வழி முழுக்கப் பாடம். "நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். அவ என்ன கேட்டாலும் என்னைப் பாருங்கோ. நான் கதைக்கிறன். நீங்கள் தலையைக் குனிஞ்சு நிண்டால் காணும்."

"குனிஞ்சால் எனக்குத் தலை சுத்தும்."

"அப்ப கண்ணையாவது குனியுங்கோ."

மேல் மாடிக்குப் பொறுப்பாக இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. முப்பத்தைந்து வயது இருக்கும். தலைமயிரைச் சுருட்டி அதற்குள் ஒரு பென்சிலைக் குத்தி வைத்திருப்பாள். ஒருநாளும் எங்களைக் காணாத மாதிரிப் போனதில்லை, காலையில் வணக்கம் சொல்லுவாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு அவள் முகம் இறுகிப்போய் இருந்தது. கதிரை காட்டினாள். நான் உட்காரவில்லை.

என்ன நடந்தது என்று கேட்டாள். தம்பி என் பக்கம் திரும்பி, "என்ன நடந்தது எண்டு கேக்கிறா" என்றான். கண்ணால் கெஞ்சினான்.

நான் தமிழில் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். சனம் பார்த்த பார்வை, ஒருவரும் துப்பாதது, லைட் வெடித்தது, கண்ணாடித் துண்டு விழுந்த இடம், என் ஐந்து பிள்ளைகள், அம்மா பொட்டு வைக்கிற பக்கம், பென்சில், மிளகு அளவு. மூச்சு விடாமல் சொன்னேன். தம்பி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். பிறகு அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பி இரண்டு வரி சொன்னான்.

அந்த இரண்டு வரிக்குள் ஊத்தைக்கு இவர்கள் சொல்கிற 'டேட்டி' இருந்தது. 'சொரி'யும் இருந்தது. எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் இந்த இரண்டு சொல்லும் தெரியும். இந்த ஊரில் கிளீனிங் செய்கிற மனுஷி முதலில் படிக்கிற சொற்கள் அவைதான்.

"நில்லு தம்பி," என்றேன்.

"அன்ரி, வேண்டாம்."

"நில்லு எண்டு சொன்னனான்." அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். "நோ டேட்டி. மை குளோத் கிளீன். வெரி கிளீன்." கைப்பையில் இருந்து ஒரு துணியை எடுத்து மேசையில் விரித்தேன். மடிப்புக் கலையாமல் இருந்தது. "ஐ புட். நோ அக்சிடென்ட். ஐ புட், பென்சில்."

"கெடுத்துப்போட்டியள்," என்று தம்பி சுவரைப் பார்த்துச் சொன்னான்.

அந்தப் பிள்ளை முன்னுக்குச் சரிந்தாள். வேணுமென்றா செய்தீர்கள் என்று கேட்டாள். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

"ஓம்," என்றேன். பிறகு அவளுக்காக, "யெஸ்."

ஏன் என்றாள். இதற்கு என்னிடம் ஆங்கிலம் காணவில்லை. என் இரண்டு கண்ணையும் காட்டினேன், பிறகு கதவுப் பக்கம், சனம் வருகிற வழியைக் காட்டினேன். "டூ மச் லுக்கிங். டூ மச் பியூட்டிபுல். நோ குட் ஃபோர் பேபி." பேர்ஸைத் திறந்து பேரனின் படத்தை எடுத்து வைத்தேன். ஆறு மாதப் பிள்ளை, கன்னத்தில் ஒரு பெரிய கறுத்தப் பொட்டு. என்னைப் போலவே முறைத்துக்கொண்டிருப்பான் அந்தப் படத்தில்.

அவள் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவசரப்படவில்லை. முகத்தில் இறுக்கம் கொஞ்சம் விட்டது, ஆனால் முழுக்க விடவில்லை.

"ஆனால் அது உங்களுடைய பிள்ளை இல்லையே," என்றாள்.

நல்ல கேள்விதான். நானும் ரயிலில் அதைத்தான் யோசித்தேன். "அதின்ர தாய் எங்க?" என்று கேட்டேன். தம்பி இந்த முறை ஒழுங்காக ஆங்கிலத்தில் சொன்னான், பயத்தில்.

செய்தவர் சீனாவில் இருக்கிறார் என்றாள்.

"ஹீ இஸ் தேர்," என்றேன். "ஐ ஆம் ஹியர்."

அவள் தலையில் இருந்த பென்சிலை உருவினாள், மயிர் அவிழ்ந்து விழுந்தது, திரும்பச் சுருட்டிக் குத்தினாள். பிறகு அவள் மெதுவாகச் சொல்லச் சொல்லத் தம்பி எனக்குச் சொன்னான். பஞ்சால் ஒற்றி எடுத்ததில் பொட்டுப் போய்விட்டது, கீழே ஒரு பழுதும் இல்லை. ஊத்தை என்று எழுதி வைத்திருந்ததை மாற்றிவிடுவாளாம். ஆனால் விற்கிற சாமானில் கை வைத்தது பிழை, அதில் இரண்டு கதை இல்லை. ஏலம் முடியும்வரை நான் மேல் மாடிக்கு வரக்கூடாது. பிறகு தம்பியைப் பார்த்து அவள் ஏதோ கடுமையாகச் சொன்னாள். அதை அவன் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் கொன்ராக்டை எடுக்கவில்லை. மற்ற நாலு பேரும் வேலையில்தான் இருந்தார்கள்.

நான் வெளிக்கிடப் போகையில் அவள் இன்னொன்று சொன்னாள்.

"அடுத்தமுறை முதலில கேக்கட்டாம்," என்றான் தம்பி.

"கேட்டிருந்தால் விட்டிருப்பாவோ எண்டு கேள்."

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப ஏன் நான் கேக்கவேணும்? இதைச் சொல்லு."

"இதை நான் சொல்ல மாட்டன் அன்ரி," என்று என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தான்.

அந்தக் கிழமை கீழ் மாடி வாஷ்ரூம்தான் எனக்கு. செய்ததற்குக் கிடைத்த தண்டனை. அதில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. செய்யாத ஒன்றுக்கு மன்னிப்பு வாங்கியிருந்தால்தான் தலை குனிந்திருக்கும். குழாய்கள் எல்லாம் முகம் பார்க்கிற மாதிரி மினுக்கி வைத்தேன்.

ஆனால் ஒரு விஷயம் மிச்சம் இருந்தது. பொட்டைத் துடைத்துவிட்டார்கள். சனம் இன்னும் வந்துகொண்டிருந்தது. பொட்டு இல்லாமல் அந்தப் பார்வை எல்லாவற்றுக்கும் நடுவில் அது கிடந்தது.

ஏலத்தன்று நான் லீவு எடுத்தேன். மாம்பழ நிறத்தில் ஒரு காஞ்சிபுரம் சேலை இருக்கிறது, மூத்தவளின் கலியாணத்துக்கு வாங்கியது. அதைக் கட்டி, மேலே குளிருக்குக் கோட்டுப் போட்டேன். காலுக்கு என் நடக்கிற சப்பாத்துத்தான். முழங்கால் வேறொன்றையும் விடாது. ஒரு கைக்குட்டையில் உப்பும் செத்தல் மிளகாயும் முடிந்து கோட்டுப் பையில் வைத்தேன்.

"எங்கே வெளிக்கிட்டாச்சு?" என்றாள் மகள்.

"ஏலத்துக்கு."

அவள் கரண்டியை வைத்துவிட்டாள். "அம்மா, அங்க போய்க் கையைக் கிய்யைத் தூக்கிப்போடாதேங்கோ. தலை கடிச்சாலும் சொறியாதேங்கோ. பிறகு எங்கட வீட்டை வித்தாலும் காணாது."

முன் வாசலில் நின்ற காவலாளிக்கு என்னைத் தெரியும். வேலைக்காரர் வாசல் பின்னுக்கு அல்லவா என்று கை காட்டினான்.

"டுடே நோ வேர்க்," என்றேன். "டுடே லுக்கிங்."

அவன் சேலையைப் பார்த்தான், சப்பாத்தைப் பார்த்தான், கதவைத் திறந்து பிடித்தான். ஆரும் வரலாம் என்பது அவர்களுடைய சட்டம்தானே.

நான் பின் வரிசையில் இருந்தேன். ஜமேக்காப் பெரியவர் மூலையில் கையுறையோடு நின்றார். என்னைக் கண்டதும் புருவத்தைத் தூக்கினார். அந்த வெள்ளைக்காரப் பிள்ளை போன்களுக்குப் பக்கத்தில் நின்றாள். அவளும் கண்டாள். முன்னுக்கு, வெளிச்சத்துக்குக் கீழே, அது படுத்திருந்தது. கண் அதே பாதி மூடியபடி. விலை ஏற ஏற, முதலில் முன் வரிசை திரும்பியது, பிறகு எல்லாத் தலையும். மண்டபம் முழுக்க அதையே பார்த்தது. நான் கோட்டுப் பைக்குள் கைவிட்டேன். உப்பையும் மிளகாயையும் பொத்திப் பிடித்தேன். அதைப் பார்த்தபடி, பைக்குள்ளேயே கையை ஒரு பக்கம் சுற்றினேன், பிறகு மறுபக்கம் சுற்றினேன். வெளியே ஒரு விரல் தெரியவில்லை. மகள் சொன்னதைக் கேட்கிறவள் நான், வேண்டியபோது.

போனில் கதைத்த ஆரோ ஒருவர் வாங்கினார். சுத்தியல் தட்டியதும் சனம் கைதட்டியது. விலை என்னவென்று பேத்தி கேட்கிறாள். இலக்கங்கள் ஓடின, நான் அதைப் பார்க்கப் போகவில்லை.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் பழைய தாச்சியை அடுப்பில் வைத்து, உப்பையும் மிளகாயையும் கொட்டினேன். எங்கள் ஆட்களுக்கு இது தெரியும்: கண் பட்ட நாவூறு இல்லையென்றால் மிளகாய் எரிகிற நெடியில் வீடு முழுக்க இருமும், நாவூறு இருந்தால் நெடியே வராது. மிளகாய் கறுத்தது. புகை எழும்பியது. மேலே இருந்த அலாம் கத்தத் தொடங்கியது. மருமகன் கதிரையில் ஏறித் துவாயால் விசிறினார்.

"மாமி, வீட்டைக் கொளுத்திறியளோ?" என்றவர் விசிறுவதை நிறுத்தினார். "இதென்ன, இவ்வளவு புகையும், ஒரு இருமல் வரேல்லை?"

நான் தாச்சியைக் கழுவினேன்.

அடுத்த கிழமை என்னை மேல் மாடிக்கு விட்டார்கள். போனேன். அது படுத்திருந்த இடத்தில் ஒரு பிரெஞ்சு மணிக்கூடு நின்றது. முழங்கால் கைவிடும்வரை அந்த வேலையில்தான் இருந்தேன். ஒருவரும் என்னை நிற்பாட்டவில்லை, நான்தான் நின்றேன். தம்பி என்னோடு இன்றைக்கும் அன்பு. ஆனால் வெளியே, நாலு பேரிடம், அவன் முதல் சொன்ன கதையைத்தான் சொல்லி வைத்திருக்கிறான், ஏனென்றால் கொன்ராக்ட்காரனுக்கு ஒரு ஊத்தைத் துணி விளங்கப்படுத்த லேசு, பொட்டு விளங்கப்படுத்தக் கஷ்டம். அந்த ஊத்தைத் துணிதான் அன்னதான வரிசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே இது எழுதப்பட வேண்டியிருந்தது. அந்த வரிசையில் நின்றவளும் வாசிக்கட்டும். அவளுக்கு வாசிக்கத் தெரியும், என்னைவிடக் கூடப் படித்தவள்.

அது இப்போது எந்த நாட்டில், எந்த வீட்டில் படுத்திருக்கிறதோ தெரியாது. எங்கே இருந்தாலும் சரி. ஒருநாள் காலை, கதவு திறந்ததிலிருந்து மத்தியானம் வரைக்கும், அதற்குச் செய்யவேண்டியதைச் செய்ய ஒரு ஆள் இருந்தது.

இவ்வளவுதான். பேத்தி பேனாவை மூடப் போகிறாள். நடுவில் ஒருமுறை, "அம்மம்மா, லாஸ்ட்ல ஒரு சொரி போட்டா நைஸா முடியும்" என்றாள். தாயைக் கொண்டு பிறந்தவள்.

"மூடாதை பிள்ளை. முதல்ல இருந்து எனக்கு வாசிச்சுக் காட்டு. ஆறுதலா வாசி. எங்கயாவது நீயா அந்தச் சொல்லைச் செருகியிருந்தால் எனக்கு இப்பவே தெரியவேணும்."